கோப்ளின் இசைக்குழுவின் ஆரம்ப காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குழுவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அதே பதினைந்து, இருபது சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பாதிப் பேருக்குப் பெயர்க் குழப்பம், மீதிப் பேருக்கு ஆள் குழப்பம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை ஓய்ந்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை அடுக்கி இங்கே பதில் எழுதி வைக்கிறேன். 1972 முதல் 1978 வரையிலான காலத்துக்குத்தான் இதில் இடம் அதிகம். பிந்தைய கதையைத் தொட்டுவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

கோப்ளின்னா யாரு? பேய்ப் படத்துக்கு மியூசிக் போடுற கம்பெனியா, பேண்டா?

பேண்டுதான், புராக்ரெசிவ் ராக் (சுருக்கமாகப் புராக்) வாசித்த ரோம் நகரத்து இளைஞர்கள். கீபோர்டு கிளாடியோ சிமொனெட்டி, கிதார் மாசிமோ மொராந்தே, பாஸ் கிதார் ஃபாபியோ பின்யாத்தெல்லி. இந்த மூவரும்தான் அச்சாணி. டிரம்ஸில் ஆள் மாறிய கதை கீழே வருகிறது. மவுரிட்சியோ குவாரினி என்ற இன்னொரு கீபோர்டுக்காரரும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தார்.

1975இல் டாரியோ ஆர்ஜென்டோ இயக்கிய 'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ' படத்துக்கு வாசித்தபோது மூவருக்கும் இருபத்திரண்டை ஒட்டிய வயது. 'ஆழ்ந்த சிவப்பு' என்று பெயருக்குப் பொருள், 'டீப் ரெட்' என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். அதற்குப் பிறகு 1977இல் 'சுஸ்பீரியா', 1978இல் 'ஜோம்பி'. பேய்ப்பட இசை என்றதும் இந்தப் பெயர் வருவதற்கு இந்த மூன்று படங்களே காரணம்.

புராக்ரெசிவ் ராக் என்கிறீர்களே, சாதாரண ராக்கிலிருந்து அது எந்த விதத்தில் வேறு?

மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது என்று நினைத்தவர்களின் இசை அது. ஒரு இசைத்தட்டின் முழுப் பக்கத்தையும் ஒரே உருப்படி எடுத்துக்கொள்ளும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், மாதா கோயில் ஆர்கன் வரும், மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி வரும், மெல்லோட்ரான் வரும். இந்த மெல்லோட்ரான் ஒரு விசித்திரமான கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு இருக்கும். அதில் வயலின் கூட்டமோ கோரஸோ பதிவாகியிருக்கும். கட்டையை அமுக்கினால் நாடா ஓடும். ஏழெட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், கையை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் இத்தாலிக்கு இந்த இசை மேல் தனிப் பித்து இருந்தது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற இங்கிலாந்துக் குழுவைச் சொந்த ஊரில் பெரிதாகச் சீந்தவில்லை. 1972இல் அவர்களுடைய 'பான் ஹார்ட்ஸ்' இத்தாலியில் முதலிடத்துக்குப் போனது. ஜெனிசிஸ் குழுவையும் தொடக்கத்தில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களில் இத்தாலியர்கள் உண்டு. உள்ளூரில் பி.எஃப்.எம்., பாங்கோ, லே ஓர்மே போன்ற குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. நம் ஆட்கள் வளர்ந்தது இந்தக் காற்றில்தான்.

முதலில் பெயர் ஆலிவர் என்கிறார்கள், செர்ரி ஃபைவ் என்கிறார்கள், கோப்ளின் என்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரி. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஆபீஸில் ஒரு பெயர் என்று சிலருக்கு இருக்குமே, அது மாதிரி. 1972 வாக்கில் சிமொனெட்டியும் மொராந்தேயும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பின்யாத்தெல்லி வந்தார். கார்லோ போர்தினி டிரம்ஸ் வாசித்தார். அந்தக் கூட்டணிக்கு ஆலிவர் என்று பெயர்.

ரெக்கார்டு கம்பெனியில் ஒப்பந்தமாகி ஆல்பம் வாசித்து முடித்ததும், கம்பெனி அதைச் செர்ரி ஃபைவ் என்ற பெயரில் வெளியிட முடிவு செய்தது. பழைய பெயரின் சுவடு அந்த ஆல்பத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு பாட்டின் தலைப்பு 'ஆலிவர்'. சினிமா வேலை வந்தபோது பெயர் மறுபடி மாறி கோப்ளின் ஆயிற்று. ஆங்கிலப் பாட்டு பாடும் ஒரு குழு, பேச்சில்லாத திகில் இசை வாசிக்கும் ஒரு குழு என்று கடையில் குழம்பாமல் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. கோப்ளின் என்றால் ஐரோப்பியக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு ஜந்து. படத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். பெயர் மட்டும் மாறியது, ஆட்கள் அப்படியே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. போர்தினியும், செர்ரி ஃபைவில் பாடிய டோனி தர்தரீனியும் கோப்ளினில் இல்லை.

லண்டனுக்குப் போய் ஏமாந்து திரும்பினார்கள் என்பது நிஜமா?

போனது நிஜம். ஏமாந்தார்கள் என்பதைவிட நேரம் கூடி வரவில்லை என்று சொல்லலாம். அவர்கள் தேடிப் போனது எடி ஆஃபர்டை. யெஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் இரண்டு குழுக்களுக்கும் ஒலிப்பதிவு மேசையில் உட்கார்ந்தவர். புராக் வாசிக்கும் பையன்களுக்கு அவர் கை பட்டால் பொன்தான். பதிவு செய்து எடுத்துப் போனதைக் கேட்டு அவர் ஆர்வம் காட்டினார்.

சரி, காரியம் பலித்துவிட்டது என்று இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனால், ஆஃபர்ட் யெஸ் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். கிளைவ் ஹெய்ன்ஸ் என்ற இங்கிலாந்துப் பாடகரைச் சேர்த்துக்கொண்டு லண்டனில் கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தார்கள். நடக்கவில்லை. ரோமுக்கே திரும்பினார்கள். ஆஃபர்ட் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால் யெஸ் மாதிரி பாடும் இன்னொரு குழு கிடைத்திருக்கும், கோப்ளின் கிடைத்திருக்காது என்று நான் நினைப்பதுண்டு.

செர்ரி ஃபைவ் ஆல்பம் கேட்கலாமா? கோப்ளின் மாதிரியே இருக்குமா?

இருக்காது. பயமுறுத்தல் எதுவும் கிடையாது. யெஸ் குழுவின் சாயல் பச்சையாகத் தெரியும். பாஸ் கிதார் முன்னால் வந்து கணீரென்று ஒலிக்கும், குரல்கள் மேல் ஸ்தாயியில் சேர்ந்து பாடும், ஆர்கன் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு முழுக்க ஆங்கிலம். 'தி சுவான் இஸ் எ மர்டரர்' இரண்டு பாகமாக வரும், 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே' என்று ஒன்று உண்டு. வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொந்த முகம் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

இதை முதலில் வாசித்தார்கள், ஆனால் கடைக்கு வந்தது தாமதமாக. அதற்குள் சினிமா முந்திக்கொண்டது. வெளியான சமயத்தில் அதை விளம்பரப்படுத்துவதற்குச் செர்ரி ஃபைவ் என்ற குழுவே இல்லை.

ஆர்ஜென்டோ இவர்களை எப்படிப் பிடித்தார்? பிங்க் ஃபிளாய்டைத்தான் முதலில் கேட்டாராமே?

ஆமாம், கேட்டார். ஆர்ஜென்டோவின் முதல் மூன்று படங்களுக்கு இசை என்னியோ மொரிக்கோனே. அதன்பின் ஜார்ஜியோ காஸ்லினி என்ற ஜாஸ் பியானோ கலைஞரோடு வேலை செய்தார். 'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ'வுக்கும் காஸ்லினிதான் ஒப்பந்தம். ஆனால் வந்த இசை ஆர்ஜென்டோவுக்குத் திருப்தியாக இல்லை. ராக் வேண்டும், அதிலும் பெரிய ராக் வேண்டும் என்று பிங்க் ஃபிளாய்டை அணுகினார். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது, மறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கம்பெனியின் பெயர் முக்கியம். இவர்கள் ஒப்பந்தமான சினேவாக்ஸ் சாதாரண ரெக்கார்டு கம்பெனி இல்லை, திரைப்பட இசை வெளியிடுவதுதான் அதன் பிரதான தொழில். அதை நடத்திய கார்லோ பிக்ஸியோ, "நம்மிடமே நாலு பையன்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்" என்கிற ரீதியில் இவர்களைக் காட்டினார். ஆர்ஜென்டோ கேட்டார், பிடித்துப்போயிற்று. லண்டன் கைவிட்டதால் ரோமில் கிடைத்த கம்பெனி, அந்தக் கம்பெனி சினிமாக் கம்பெனியாக இருந்ததால் வந்த சினிமா. திட்டம் போட்டு யாரும் திகில் இசைக்கு வரவில்லை.

நேரம் அதிகம் கொடுக்கவில்லை. தலைப்பிசையை ஒரே இரவில் எழுதி மறுநாளே பதிவு செய்ததாகக் குழுவினரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆல்பத்தின் பின்பக்கம் வேறு மாதிரி ஒலிக்கிறது. காஸ்லினியின் பெயரும் போட்டிருக்கிறது. யார் எதை எழுதினார்கள்?

நல்ல காது உங்களுக்கு. 1975 இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள 'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ', 'டெத் டைஸ்', 'மேட் பப்பெட்' மூன்றும் கோப்ளின் எழுதியவை. இரண்டாம் பக்கத்தில் உள்ளவை காஸ்லினி எழுதியவை. அதிலும் 'வைல்ட் செஷன்', 'டீப் ஷேடோஸ்' இரண்டையும் வாசித்தது கோப்ளின். அதனால் எழுத்து ஜாஸ்காரருடையது, கை ராக்காரர்களுடையது. கேட்கும்போது இரண்டும் கலந்து ஒரு மாதிரி புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

கொலை நடக்கும் முன் டேப் ரெக்கார்டரில் ஒரு குழந்தைத் தாலாட்டு ஓடுமே, அதைக் கோப்ளின் கணக்கில் எழுதுகிறவர்கள் அதிகம். அது காஸ்லினியுடையது. 'ஸ்கூல் அட் நைட்' என்ற பெயரில் ஆல்பத்தில் இருக்கிறது. காஸ்லினியை ஏதோ விலக்கப்பட்ட கத்துக்குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 1961இல் இயக்குநர் அந்தோனியோனியின் 'லா நொத்தே' படத்துக்கு இசையமைத்தவர் அவர். படத்தில் நாயகன் பியானோ வாசிப்பவன் வேறு, ஆகவே அவருடைய ஜாஸ் படத்துக்குள் இயல்பாகவே பொருந்தி நிற்கிறது.

அந்தத் தீம் மியூசிக்குக்குக் கையால் தாளம் போட்டால் எங்கோ தப்பிப்போகிறதே, ஏன்?

தப்பு உங்கள் கையில் இல்லை. அந்தச் சுழல் ஏழு எண்ணிக்கையும் எட்டு எண்ணிக்கையும் மாறி மாறி வரும்படி கட்டப்பட்டது. மொத்தம் பதினைந்து. நம் கை எட்டெட்டாக எண்ணிப் பழகியது. இரண்டு சுற்று எட்டு எண்ணி முடிப்பதற்குள் அது ஒரு அடி முன்னாடியே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை இடிக்குமே, அந்த உணர்வு ஒவ்வொரு சுற்றிலும் வரும். மிஸ்ரசாபு பழகியவர்களுக்கு ஏழு புதிதில்லை. ஏழை எட்டோடு ஒட்டியிருப்பதுதான் இங்கே வித்தை.

இன்னொரு முறை கேட்டால் கட்டுமானம் தெரியும். முதலில் கீபோர்டு மட்டும் சன்னமாக, பொம்மைப்பெட்டி மாதிரி ஓடும். பிறகு பாஸும் டிரம்ஸும் கீழே வந்து சேரும். பிறகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பெரிய ஆர்கன் எழும். மெட்டு சுலபம், கணக்குதான் சங்கடம். அந்தச் சங்கடம்தான் பயமாக மாறுகிறது. புராக் குழுக்களில் பயின்ற கை இல்லாவிட்டால் ஒரே நாளில் இப்படி வாசித்துத் தள்ள முடியாது.

அது 'டியூபுலர் பெல்ஸ்' காப்பி என்கிறார்களே?

மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' 1973இல் வந்தது. அதன் ஆரம்பத்தை அதே ஆண்டு 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பயன்படுத்தினார்கள். அதிலும் இதே பதினைந்து எண்ணிக்கைதான், அதிலும் கீபோர்டு சுழல்தான். தாக்கம் இல்லை என்று சாதிக்க நான் தயாரில்லை. ஆனால் மெட்டு வேறு, போகிற திசையும் வேறு. ஓல்ட்ஃபீல்டு அந்தச் சுழலை விட்டு விலகி ஊர் சுற்றப் போய்விடுவார். கோப்ளின் அதிலேயே நின்று ஆர்கனால் அடித்து நொறுக்கும். ஒரே களிமண்ணில் இரண்டு பானை.

பாட்டே இல்லாத ஆல்பம் எப்படி ஹிட்டாச்சு?

நம் ஊர்க்காரர்கள்தான் அதிகம் கேட்கும் கேள்வி இது. சினிமா இசை என்றால் நமக்குப் பாட்டு. அங்கே பின்னணி இசையைத் தனி இசைத்தட்டாக வாங்கும் பழக்கம் முன்பே இருந்தது, மொரிக்கோனேயின் விசில் இசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, இந்த இசை சினிமாவுக்குப் போகாத ராக் ரசிகர்களுக்கும் அப்படியே தங்கள் இசையாகக் கேட்டது. படம் 1975 மார்ச்சில் வெளியானது. ஆல்பம் இத்தாலிய விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய் அங்கேயே வாரக்கணக்கில் உட்கார்ந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வது வழக்கம்.

ராக் குழு படத்துக்கு இசையமைத்தது இத்தாலியில் இதுதான் முதல் முறையா?

இல்லை. 1971இல் நியூ டிரால்ஸ் குழு, லூயிஸ் பகாலோவ் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ஒரு படத்துக்கு 'கான்செர்ட்டோ குரோஸ்ஸோ' வாசித்தது. 1972இல் அதே பகாலோவோடு ஓசன்னா குழு 'மிலானோ காலிப்ரோ 9' வாசித்தது. அவற்றில் பகாலோவ் எழுதிய வாத்தியக் குழுவும் ராக் குழுவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கோப்ளினில் அப்படி மேலே ஒரு பெரியவர் இல்லை. காஸ்லினி விலகியபின், படத்துக்குப் புதிதாக வேண்டியதை இவர்களே எழுதி இவர்களே வாசித்தார்கள். அடுத்த படத்திலிருந்து எல்லாமே இவர்கள்தான்.

டிரம்ஸ் வால்டர் மார்ட்டினோவா, அகோஸ்தினோ மரங்கோலோவா?

'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ'வில் இருவரும் உண்டு. மார்ட்டினோ ஆரம்பித்தார், நடுவில் விலகினார், மரங்கோலோ வந்து முடித்தார். அதற்குப் பிறகு வந்த புகழ்பெற்ற ஆல்பங்கள் எல்லாம் மரங்கோலோ. இவர் சிசிலித் தீவின் கத்தானியா ஊர்க்காரர், ஃப்ளீ என்ற குழுவில் வாசித்தவர். மார்ட்டினோ லிப்ரா குழுவுக்குப் போனார். அந்தக் குழு 1977இல் மாரியோ பாவாவின் 'ஷாக்' படத்துக்கு இசையமைத்தது. அதைக் கேட்டுவிட்டு "இது கோப்ளின்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

என்ரிகோ சிமொனெட்டியும் கிளாடியோ சிமொனெட்டியும் ஒருவரா?

அப்பாவும் பிள்ளையும். என்ரிகோ பியானோ கலைஞர், இசை நடத்துநர், தொலைக்காட்சியிலும் தெரிந்த முகம். பல ஆண்டுகள் பிரேசிலில் இருந்தார். கிளாடியோ 1952இல் பிறந்தது அங்கே சாவோ பாவ்லோவில்தான். குடும்பம் இத்தாலிக்குத் திரும்பியபின் ரோமில் சாந்தா செசிலியா இசைக் கல்லூரியில் படித்தார். 1975இல் 'காமா' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு அப்பா இசையமைத்தபோது பிள்ளையின் குழு வாசித்தது. உறையில் சிமொனெட்டி, கோப்ளின் என்று இரண்டு பெயரும் இருப்பதால் வரும் குழப்பம் இது.

'ரோலர்' எந்தப் படத்து இசை?

எந்தப் படத்து இசையும் இல்லை. 1976இல் படத்துக்காக இல்லாமல் தங்களுக்காகவே வாசித்த ஆல்பம். பாட்டு கிடையாது, எல்லாம் வாத்தியம். குவாரினி முழுநேரமாக வந்துவிட்டதால் இரண்டு கீபோர்டு. 'கோப்ளின்' என்றே பெயர் வைத்த ஒரு உருப்படி பதினொரு நிமிடம் ஓடுகிறது. என்னைக் கேட்டால் இந்தக் குழு வாசித்ததிலேயே உயர்ந்த ஆல்பம் இதுதான். 'சுஸ்பீரியா' பிரியர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

வேடிக்கை என்னவென்றால் படத்துக்கென்று எழுதாத இந்த இசையும் படத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'மார்ட்டின்' படம் இத்தாலியில் 'வாம்பிர்' என்ற பெயரில் வெளியானபோது, இந்த ஆல்பத்திலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டார்கள். படத்தில் கேட்டதாக நினைவு என்று யாராவது சாதித்தால் அவர் பொய் சொல்லவில்லை.

'சுஸ்பீரியா'வில் தபலா கேட்கிற மாதிரி இருக்கிறதே, பிரமையா?

பிரமையில்லை. ஆல்பத்தின் கலைஞர் பட்டியலிலேயே இருக்கிறது. வாசித்தவர் பாஸ் கிதார்க்காரர் பின்யாத்தெல்லி. அதேபோல மொராந்தே கிதாரைக் கீழே வைத்துவிட்டு கிரேக்கத்து நரம்பு வாத்தியமான பூசுக்கியை எடுத்தார். செலஸ்டா (மணியோசை தரும் சின்னப் பியானோ மாதிரி ஒரு கருவி), மெல்லோட்ரான், மூக் எல்லாம் சிமொனெட்டி. ஆனால் இந்துஸ்தானிக் கச்சேரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். டேக்கா, லயவின்யாசம் எல்லாம் கிடையாது. என் காதுக்கு, இடக்கைப் பக்கத்தின் 'தும்' என்று வளைந்து இறங்கும் அந்தக் கனத்த ஒலிக்காகவே அதை வைத்த மாதிரி தெரிகிறது. மேலே செலஸ்டா குழந்தைப் பாட்டு மாதிரி கிணுகிணுக்க, கீழே வயிற்றுக்குள்ளிருந்து யாரோ தட்டுவது போல இருக்கும்.

கூடவே ஒரு குரல் 'லா லா லா' என்று மெட்டைக் கரகரப்பாக முணுமுணுக்கும். கிழவி ஒருத்தியின் குரல் என்றுதான் நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அது சிமொனெட்டி. திடீரென்று 'விட்ச்' என்று கத்தும்போது ஹெட்போனைக் கழற்றியவர்கள் பலர்.

படத்தில் இந்த இசை நுழையும் விதம்தான் எனக்குப் பிடித்த இடம். கதாநாயகி விமான நிலையத்திலிருந்து வெளியே வர நடக்கிறாள். எதிரே தானியங்கிக் கண்ணாடிக் கதவு. கதவு திறக்கும்போது மட்டும் இசை கேட்கிறது. மூடியதும் நின்று, விமான நிலையச் சத்தம் மட்டும். மறுபடி திறந்தால் மறுபடி இசை. மழையும் காற்றும் இருப்பது போல இந்த இசையும் வெளியே காத்துக்கொண்டிருக்கிறது. அவள் வெளியே கால் வைத்தபின் அது விடுவதேயில்லை.

இசையை முதலில் போட்டுவிட்டுத்தான் படம் எடுத்தார்களாமே?

பாதி உண்மை. படப்பிடிப்புக்கு முன்பே இவர்கள் சிலவற்றைத் தயார் செய்தார்கள். ஆர்ஜென்டோ அதைப் படப்பிடிப்புத் தளத்தில் உரக்க ஒலிக்கவிட்டு நடிக்க வைத்தார். அப்போது இத்தாலியில் வசனத்தைப் பிற்பாடு டப்பிங்கில்தான் சேர்ப்பார்கள் என்பதால் தளத்தில் சத்தம் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் நாம் படத்தில் கேட்கும் இறுதி வடிவம் அப்படியே முன்கூட்டிப் பதிவானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த படத்தைப் பார்த்தபின் ஸ்டுடியோவில் திரும்ப உட்கார்ந்து உருவாக்கினார்கள்.

தலைப்பிசையை அவசரமாக ஒரே இரவில் எழுதிய முதல் படத்தோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய வித்தியாசம். இம்முறை கருவிகளோடு விளையாட நேரம் இருந்தது. ஆங்கிலப் பிரதியின் தலைப்பில் 'தி கோப்ளின்ஸ்' என்று பன்மையில் இருக்கும். அது வேறு குழுவா என்று கேட்காதீர்கள், இவர்களேதான்.

ஒரு கரப்பான் பூச்சி ஆல்பம் இருக்கிறதாமே?

'பகரோஸ்ஸோ மார்க்கின் அற்புதப் பயணம்' என்று 1978இல் வந்தது. பகரோஸ்ஸோ என்பது ரோம் பக்கத்துப் பேச்சில் வண்டு, கரப்பான் வகையறா. அந்த வண்டின் பயணமாக ஒரு தொடர்கதை, உள்ளே போதைப்பழக்கம் பற்றிய உருவகம். மொராந்தே இத்தாலிய மொழியில் பாடுகிறார். இசை சுகமானது, குரல் சுமார். 'ரோலர்' மாதிரியே இதுவும் படத்துக்காக வாசிக்காதது, அதேபோல விற்பனையும் பட இசைத்தட்டுகளின் பக்கத்தில் வரவில்லை. சினிமாவை விட்டு வெளியே வர முயன்ற ஒவ்வொரு தடவையும் வாசலில் இப்படித்தான் நடந்தது.

'ஜோம்பி' படத்தில் சில பிரதிகளில் கோப்ளின் இசை குறைவாக இருக்கிறதே?

ஏனென்றால் பிரதியே வேறு. 1978இல் ரொமேரோ எடுத்த 'டான் ஆஃப் தி டெட்' படத்துக்கு (இத்தாலியில் அதற்குத்தான் 'ஜோம்பி' என்று பெயர்) ஆர்ஜென்டோவும் பணம் திரட்ட உதவினார். பதிலுக்கு, ஆங்கிலம் பேசாத நாடுகளுக்கான பிரதியைத் தன் விருப்பப்படி வெட்டும் உரிமையைப் பெற்றார். அவர் வெட்டிய பிரதி சற்றுக் குறுகியது, வேகமானது, கோப்ளின் இசை நிரம்பியது. ரொமேரோ தன் பிரதியில் கோப்ளினைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மீதி இடங்களில் இசைக் களஞ்சியங்களில் கிடைக்கும் ஆயத்த இசையைப் போட்டார். வணிக வளாகத்தில் பிணங்கள் தள்ளாடும்போது வரும் சர்க்கஸ் மாதிரியான டியூன் 'தி கோங்க்'. அது கோப்ளின் இல்லை.

ஆல்பத்தைத் தனியாகக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தலைப்பிசை இதயத்துடிப்பு மாதிரி மெதுவாக நடக்கும். இன்னொன்றில் ஆப்பிரிக்க மேளம், வேறொன்றில் அமெரிக்க நாட்டுப்புறத் துள்ளல், 'தோர்த்தே இன் ஃபாச்சா' என்று ஒரு பழைய பாணிப் பியானோ. பயம் மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும் என்பவர்களிடம் இதைத்தான் நீட்டுவேன்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் உடைந்தது?

சிமொனெட்டியும் மொராந்தேயும் விலகினார்கள். சிமொனெட்டி டிஸ்கோ பக்கம் போனார். 1978இல் ஈஸி கோயிங் என்ற பெயரில் வந்த 'பேபி ஐ லவ் யூ'வுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் அவர். 1981இல் கிளாடியோ செக்கெத்தோவோடு 'ஜோக்கா ஜுவே' என்ற விளையாட்டு நடனப் பாட்டையும் செய்தார். இத்தாலியில் குழந்தைகளின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒலிப்பது அது. 'சுஸ்பீரியா'வில் முணுமுணுத்த அதே மனிதர்!

மிச்சமிருந்த பின்யாத்தெல்லி, குவாரினி, மரங்கோலோ மூவரும் ஃப்ளீ குழுவிலிருந்து வந்த கார்லோ பென்னீசியோடு கோப்ளின் பெயரில் தொடர்ந்தார்கள். 'பூயோ ஒமேகா' (1979), 'கன்டாமினேஷன்' (1980) எல்லாம் இந்த அணியின் வேலை.

அப்படியென்றால் 'தெனெப்ரே', 'இன்ஃபெர்னோ' எல்லாம் கோப்ளின் கணக்கில் சேருமா?

'இன்ஃபெர்னோ' (1980) சேராது. ஆர்ஜென்டோ படம்தான், ஆனால் இசை எமர்சன் லேக் அண்ட் பாமரின் கீத் எமர்சன். லண்டன் கேள்வியில் சொன்ன அதே குழு. பையன்கள் எந்தப் பெரியவரைப் பார்த்து வளர்ந்தார்களோ அவரே அவர்களுடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

'தெனெப்ரே' (1982) பாதி சேரும். சிமொனெட்டி, மொராந்தே, பின்யாத்தெல்லி மூவரும் வாசித்தார்கள். ஆனால் உறையில் கோப்ளின் என்று போடாமல் மூன்று பெயர்களை மட்டும் போட்டார்கள். மரங்கோலோ இல்லாததால் டிரம் மெஷின். அந்தத் துடிப்பைத்தான் 2007இல் ஜஸ்டிஸ் என்ற பிரெஞ்சு இரட்டையர் 'ஃபேண்டம்' பாட்டில் எடுத்து வைத்தார்கள். புதுத் தலைமுறைக்கு இந்த இசை போய்ச் சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

இப்போது கோப்ளின் என்ற பெயரில் இரண்டு மூன்று குழுக்கள் இருக்கின்றனவே, எது அசல்?

பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. கிளாடியோ சிமொனெட்டியின் கோப்ளின் என்று ஒன்று. பின்யாத்தெல்லியும் மரங்கோலோவும் தொடங்கிய கோப்ளின் ரீபர்த் என்று ஒன்று, அதன் ஆல்பம் 2015இல் வந்தது. நடுவில் நியூ கோப்ளின் என்றும் ஒன்று இருந்தது. இதில் அழகு என்னவென்றால், அதே 2015இல் போர்தினியும் தர்தரீனியும் சேர்ந்து செர்ரி ஃபைவ் பெயரிலேயே புது ஆல்பம் கொண்டுவந்தார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். மாசிமோ மொராந்தே 2022 ஜூனில் காலமானார்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

'புரொஃபோந்தோ ரோஸ்ஸோ' தட்டின் முதல் பக்கம், மூன்றே உருப்படி. கையால் பதினைந்து எண்ணிக்கொண்டே கேளுங்கள். அப்புறம் 'சுஸ்பீரியா'வை ஆல்பமாக வேண்டாம், முதலில் படமாகவே பாருங்கள், அந்தக் கண்ணாடிக் கதவுக்காக. அதன் பிறகு 'ரோலர்'. செர்ரி ஃபைவைக் கடைசியாக வையுங்கள். முதலில் கேட்டால் இன்னொரு யெஸ் குழு என்று ஒதுக்கிவிடுவீர்கள். கடைசியில் கேட்டால், 'ஆலிவர்' பாட்டில் ஆர்கன் நுழையும்போது யாருடைய கை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.